இடப்பக்கத்துக் கனம்

வாங்க தம்பி. ஸ்கூட்டர் பாக்க வந்தவங்கதானே? உள்ள வாங்க, அந்தச் சேர்ல உக்காருங்க. மோர் கொண்டாரவா? வேணாமா, சரி, இங்க வச்சிருக்கேன், அப்புறம் குடிங்க. என் பையன் மாறன் பெங்களூர்லேருந்து காலையிலயே போன் பண்ணிட்டான். "அம்மா, விலையெல்லாம் நான் பேசிட்டேன். நீ வண்டியக் காட்டு, சாவியக் குடு, வாய மட்டும் தொறக்காத"ன்னான். நான் எதுக்கு வாயத் தொறக்கப் போறேன். வாங்கறவங்க வாங்கிட்டுப் போறாங்க, எனக்கென்ன வந்துச்சு.

கொஞ்சம் மெதுவாப் பேசிக்குவோம். எங்க வீட்டுக்காரரு கொல்லையில இருக்காரு. வண்டிய விக்கப் போறோம்னு அவருக்குத் தெரியும். இன்னைக்குன்னு தெரியாது.

வண்டி சந்துல நிக்குது, ஜன்னல் வழியாப் பாருங்க. அந்தப் பச்சைதான். அடிபட்ட எடம்னு பாத்தா எல்லாம் வலப்பக்கந்தான் இருக்கும். இடப்பக்கம் ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். இருக்காது. இத்தன வருஷத்துல இடப்பக்கமா ஒரு தடவை கூட விழுந்ததில்ல. மாறன் இதெல்லாம் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டான். மறைச்சு விக்கறது பாவம் தம்பி, அதனால நானே சொல்லிடறேன். இந்த வண்டியத் தனியா ஓட்டினா வலப்பக்கம் சாயும்.

மெக்கானிக் கழட்டிப் பாத்துட்டான். "வண்டியில ஒரு குறையும் இல்லம்மா"ங்கறான். வண்டியில குறை இல்லதான். நான் பின்னாடி உக்காரலைங்கறதுதான் குறை.

சிரிக்காதீங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகலையா. அப்ப கொஞ்சம் பொறுமையாத்தான் கேக்கணும். இப்பத்திப் பொண்ணுங்க ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காருதுங்க. அதுங்க கனம் நடுவுல விழும். எங்களுக்கு அப்படியா? புடவை. ரெண்டு காலும் இடப்பக்கம் தொங்கும். மடியில கூடை, கூடையில தேங்காய். வலது கை அவரு தோள்ல, இடது கை பின்னாடி கம்பியில. வண்டி இடப்பக்கமா இழுக்குமா இழுக்காதா? இழுக்கும். அப்ப ஓட்டறவரு என்ன பண்ணுவாரு? வலப்பக்கம் ஒரு இம்மி சாஞ்சுக்குவாரு. தெரிஞ்சு சாயறது இல்ல, ஒடம்பு தானா சாஞ்சுக்கும். நாப்பது வருஷம் தம்பி. உறையூர்லேருந்து சாலை ரோடு, சிந்தாமணி, காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, அம்மா மண்டபம். சாயங்காலம் ஆனா கிளம்பிடுவோம். படித்துறையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, பூ வாங்கிக்கிட்டு வருவோம். பேசிக்கறதுன்னு பெருசா ஒண்ணும் இருக்காது. போயிட்டு வருவோம், அவ்வளவுதான்.

அந்தச் செவுத்துல போட்டோ பாருங்க. அது எங்க கல்யாணம், எப்படி நேரா நிக்கறாரு. பக்கத்துல இருக்கே, அது மாறன் கல்யாணம். பாருங்க, எப்படி வலப்பக்கமா சாஞ்சு நிக்கறாருன்னு. போட்டோகாரன் கோணலா எடுத்துட்டான்னு மண்டபத்துலயே சண்டை போட்டாரு. பின்னாடி இருக்கற தூணு நேராத்தானே இருக்குன்னு அவன் கேட்டான்.

நான் பின்னாடி உக்காந்துக்கிட்டு ஓட்டச் சொல்லிக் குடுக்கற ரகம் இல்ல தம்பி, அதையும் சொல்லிடறேன். தெருவுல பாக்கறேனே, ‘பஸ் வருது, நாய் வருது’ன்னு காதுலயே கத்திக்கிட்டுப் போறவளுங்கள. எனக்கு அது பிடிக்காது. வலப்பக்கம் திரும்பணும்னா தோள்ல ஒரு தட்டு. இடப்பக்கம்னா ரெண்டு தட்டு. மேடு வந்தா சட்டையப் பிடிச்சு இழுப்பேன். மத்தபடி ஓட்டறதெல்லாம் அவருதான்.

போன ஆடியில எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. வண்டியில ஏறி உக்கார முடியல. டாக்டர் கொஞ்ச நாளைக்கு ஏறவே கூடாதுன்னுட்டாரு. இவரு தனியாப் பால் வாங்கப் போனாரு. பூத் வாசல்ல விழுந்தாரு. வலப்பக்கம். கேட்டா, ரோடு சரியில்லங்கறாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதை. அந்த ரோட்டுல பாட்டில வச்சா உருளாது, அவ்வளவு சமமா இருக்கும்.

ஆனா அவருக்கு உள்ளுக்குள்ள வெளங்கிடுச்சு. அவரு கூட்டுறவுப் பண்டகசாலையில எடை போட்டவரு தம்பி. கடைசி வரைக்கும் தராசு பக்கத்துலயே இருந்தவரு. ஒரு தட்டு கீழ போச்சுன்னா அடுத்த தட்டுல என்ன வைக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேணாம். மறுநாள் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பாத்து, ஒரு சிப்பம் அரிசி மூட்டைய இழுத்துக்கிட்டு வந்து, பின் சீட்டுல இடப்பக்கமாத் தொங்கவிட்டுக் கட்டிட்டாரு. எதால கட்டினாரு? என் சுங்குடிப் புடவையால. முந்தானை மிச்சம் இருந்திருக்கு. தூசி படக்கூடாதுன்னு அத மூட்டை தலையில போர்த்திவிட்டுட்டாரு.

நல்லா ஓடியிருக்கு. அதான் வயித்தெரிச்சல். நாலு நாள் அந்த மூட்டையோட அம்மா மண்டபம் வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு, எனக்குத் தெரியாது. மெடிக்கலுக்குப் போறேன், போஸ்ட் ஆபீசுக்குப் போறேன்னுட்டுப் போவாரு. அஞ்சாவது நாள் முக்குவீட்டு சுகந்தி வந்து, "ஏன்க்கா, உங்க முட்டி சரியாயிடுச்சா"ன்னா. எங்கடி ஆச்சுன்னேன். அவ மூஞ்சி மாறிப் போச்சு. "அப்ப அய்யா பின்னாடி முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தது யாரு"ன்னு கேட்டா பாருங்க.

நான் அழல. சத்தம் போடல. அவரு வந்ததும், "யாரு அவ"ன்னு மட்டும் கேட்டேன். அவரு திருதிருன்னு முழிச்சுட்டு, சந்துக்குக் கூட்டிட்டுப் போயி மூட்டையக் காட்டினாரு. பொன்னி புழுங்கல். எனக்கு அப்பதான் கோவம் வந்துச்சு. வேற பொம்பளையா இருந்தாக் கூட ஒரு வார்த்தை பேசித் தீத்துக்கலாம். ஒரு சிப்பம் அரிசி என் எடத்துல உக்காந்துக்கிட்டு அம்மா மண்டபம் போயிட்டு வந்தா மனுஷி யாருகிட்டப் போயி சொல்றது?

"மூட்டை ஒண்ணும் பேசல, நிம்மதியாப் போச்சு"ன்னு வேற சொன்னாரு. அந்த வார்த்தைக்குத்தான் கடவுள் கூலி குடுத்தாரு. அடுத்த நாள் மூட்டையில எலி ஓட்டை போட்டுடுச்சு. சாலை ரோடு நெடுக அரிசி கொட்டிக்கிட்டே போயிருக்கு. கொட்டக் கொட்ட இடப்பக்கம் கனம் கொறையுது. கனம் கொறையக் கொறைய இவரு வலப்பக்கம் சாயறாரு. பின்னாடி புறா கூட்டம், அதுக்குப் பின்னாடி ரெண்டு ஆடு. ஜனங்க கை காட்டினா இவரும் கை காட்டியிருக்காரு, நம்மளத் தெரிஞ்சவங்கன்னு. சிந்தாமணிக்கிட்ட மூட்டை காலி. அங்கயே, வேகமெல்லாம் இல்ல, தூக்கத்துல புரண்டு படுக்கற மாதிரி மெதுவா வலப்பக்கம் படுத்துட்டாரு.

யாரோ ஒரு பையன் அத முழுசா வீடியோ எடுத்துட்டான். அது சுத்திச் சுத்தி பெங்களூர்ல மாறன் போனுக்குப் போயிடுச்சு. அவன் ஆபீஸ்ல பத்துப் பேரு பாத்து சிரிச்சப்புறம்தான் அது அப்பான்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே பஸ் ஏறிட்டான். வந்தான், ஆணியில தொங்கின சாவிய எடுத்துப் பையில போட்டுக்கிட்டான். எனக்கு அப்ப தாங்க முடியாம அழுகை வந்துச்சு தம்பி. விழுந்தது அவரு. எனக்கு ஏன் வந்துச்சுன்னு தெரியல. முட்டி வலின்னு சொல்லிட்டேன்.

மாறன் கெட்டவன் இல்ல. நியாயஸ்தன். "அப்பா, இங்க பிசியோதெரபி காலேஜ்ல ஒரு ஆராய்ச்சி நடக்குது. வயசானவங்க, காலேஜ் பசங்க, ரெண்டு கூட்டத்தையும் நிக்கவச்சுப் பாக்கறாங்களாம். யாரு எவ்வளவு ஆடறாங்கன்னு மெஷின் சொல்லிடும். நீங்க அங்க நேரா நின்னு காட்டுங்க, சாவியத் தந்துடறேன். சாஞ்சீங்கன்னா வண்டிய வித்துடுவேன்"னான். இவரும் சரின்னுட்டாரு. அன்னையிலேருந்து வீட்டுல எங்க பாத்தாலும் நின்னுக்கிட்டே இருந்தாரு. சாப்பிடும்போது கூட நின்னாரு.

அந்த காலேஜ்ல தரையில ஒரு தகடு பதிச்சிருக்காங்க. அது மேல ஏறி நிக்கணும். விழாம இருக்க மேலேருந்து ஒரு பெல்ட் தொங்குது, அத மார்ல மாட்டிவிடுவாங்க. அங்க படிக்கிற பொண்ணு ஒண்ணு, ஹெப்சின்னு பேரு, நல்ல பொண்ணு, அதுதான் எல்லாம் சொல்லிக்குடுத்துச்சு. இவரு ஏறுறதுக்கு முன்னாடி குனிஞ்சு தகட்டச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. "இந்த வருஷ முத்திரை எங்க"ன்னாரு. அந்தப் பொண்ணுக்குப் புரியல. கடைத் தராசுக்கெல்லாம் வருஷா வருஷம் சர்க்கார்ல முத்திரை குத்துவாங்கல்ல, அதக் கேக்கறாரு. "இது எடை பாக்கறதுக்கு இல்ல தாத்தா, நீங்க எந்தப் பக்கம் சாயறீங்கன்னு பாக்கறது"ன்னுச்சு. "சாயறதப் பாக்கறதுக்குப் பேருதாம்மா தராசு"ன்னாரு. அப்புறம் டாக்டர் மேடம் வந்து சமாதானம் பண்ணித்தான் ஏத்தினாங்க.

மொதல்ல சும்மா நிக்கச் சொன்னாங்க. நின்னாரு. கம்பம் மாதிரி நின்னாரு. மாறனே அசந்துட்டான். கம்ப்யூட்டர்ல ஒரு கோடு ஓடுது, அது ஆடாம ஓடுது. எனக்கு சாவி கையில வந்த மாதிரிதான் இருந்துச்சு.

அடுத்ததுதான் வில்லங்கம். கண்ண மூடிக்கிட்டு மனசுல ஒண்ண நெனைக்கணுமாம். தெனமும் போற வழி ஒண்ணுல போயிட்டு இருக்கறதா, படமாப் பாக்கணும். நெனைக்கும்போது ஒடம்பு ஆடுதா ஆடலையான்னு மெஷின் பாக்கும். இவருக்கு முன்னாடி ஒரு காலேஜ் பையன் நின்னான். கல்லு. ஒரு இம்மி அசையல. "என்ன நெனச்சப்பா"ன்னு மேடம் கேட்டாங்க. "ஒண்ணும் வரல மேடம். போன்ல சார்ஜ் கொறஞ்சிருக்குமேன்னு நெனச்சேன்"னான். அடுத்து ஒரு பொண்ணு. "பைக்ல போனேன் மேடம், செமயா இருந்துச்சு"ங்குது, ஆனா ஒடம்பு அசையவே இல்ல. மேடம் எங்கிட்ட சொன்னாங்க, சின்னவங்களுக்கு நெனப்பு ஒரு பக்கம் ஒடம்பு ஒரு பக்கம் இருக்கும் போலிருக்கு, வயசானா ரெண்டும் ஒண்ணாப் போயிடுதோ என்னவோ, அதத்தான் பாக்கறோம்னு. ஒண்ணாப் போனா என்ன தப்புன்னு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டாங்க.

இவரு கண்ண மூடினாரு. "எங்க தாத்தா போறீங்க"ன்னு ஹெப்சி கேட்டுச்சு. "அம்மா மண்டபம்"னாரு. தனியாவா போறாரு, மூட்டையோடயா, எதுவும் சொல்லலியே. சாலை ரோடு வந்திருக்கும், அப்பவே லேசா சாஞ்சாரு. அப்புறம் இன்னும். அப்புறம் இன்னும். கடைசியில அந்த பெல்ட்லயே வலப்பக்கமாத் தொங்கறாரு தம்பி. கண்ணு மூடினது மூடினபடி இருக்கு, கை ரெண்டும் ஹேண்டில் பிடிச்சபடி இருக்கு, கால் ஒண்ணு தரையில இல்ல. பெல்ட் கிரீச்சுங்குது. "தாத்தா, கண்ணத் தொறங்க, தொறங்க"ன்னு அந்தப் பொண்ணு பதறுது. இவரு தொறக்கல. அப்புறம் எறக்கிவிட்டுட்டு ஏன் தொறக்கலைன்னு கேட்டா, "கண்ணத் தொறந்தா வண்டி இருக்காதேம்மா"ங்கறாரு.

மாறன் எழுந்துட்டான். "பாத்தாச்சு, போதும், கிளம்பலாம்"னான். நான் விடல. நேராப் போயி மேடம் முன்னாடி நின்னேன். "அம்மா, இவரு தனியாப் போயிட்டாரு. தனியாப் போனா சாயத்தான் செய்வாரு. என்னப் பின்னாடி வச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க, அப்புறம் பாருங்க"ன்னேன். "சரி தாத்தா, பாட்டியும் பின்னாடி உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு இன்னொரு தடவை போயிட்டு வாங்க"ன்னாங்க.

போனாரு. நல்லாப் போனாரு. ஆனாலும் கோடு லேசா வலப்பக்கமாவே ஓடுது. சாஞ்சு விழற அளவுக்கு இல்ல, ஒரு சாய்வுதான். எனக்குப் பொறி தட்டிடுச்சு. "இருங்க, என்ன எத்தன கிலோ வச்சுக்கிட்டுப் போறீங்க"ன்னு கேட்டேன். கண்ண மூடிக்கிட்டே, "எப்பவும் போல நாப்பத்தெட்டு"ங்கறாரு. நாப்பத்தெட்டு கல்யாணத்தப்ப தம்பி. பண்டகசாலைத் தராசுல வெளையாட்டா ஏத்தி நிறுத்தப்ப சொன்னது. இப்ப நான் அறுபத்தாறு. எல்லாரு முன்னாடியும் அதச் சொல்ல வேண்டியதாப் போச்சு. "அறுபத்தாறா"ன்னு கண்ணத் தொறந்துட்டாரு. நம்ப மாட்டேங்கறாரு. "நான் தூக்கிப் பாக்காத எடையா, நாப்பத்தெட்டுக்கு மேல ஒரு கிராம் கெடையாது"ங்கறாரு. பெரிய வாக்குவாதம். கடைசியில அந்தத் தகட்டுலயே என்ன ஏத்திக் காட்டினாங்க. அவரு அதுல வந்த நம்பரையே பாத்துக்கிட்டு நின்னாரு. "எப்ப ஆச்சு இது"ன்னு கேட்டாரு.

மூணாவது தடவை அறுபத்தாறோட போனாரு. கோடு நேரா ஓடுச்சு தம்பி. நூல் பிடிச்ச மாதிரி. ஹெப்சி கை தட்டிடுச்சு.

என்னையும் நிக்கச் சொன்னாங்க. வந்தது வந்தோம்னு நின்னேன். கண்ண மூடி, அவரு முன்னாடி ஓட்டறாரு, நான் பின்னாடின்னு நெனச்சேன். பக்கத்துல நின்ன ஹெப்சி தோள்ல கைய வச்சிட்டேன் போலிருக்கு. பாலத்து மேட்டுல சட்டையப் பிடிச்சு இழுத்தேனாம், பாவம், பட்டன் போயிடுச்சு. ஆனா ஆடல. அப்புறம், "பாட்டி, இப்ப தாத்தா இல்லாம நீங்க மட்டும் கடைத்தெருவுக்கு நடந்து போறதா நெனைங்க"ன்னாங்க. அதுல கொஞ்சம் ஆடிடுச்சு. கொஞ்சம் என்ன, ரெண்டு பேரு வந்து பிடிச்சாங்க. அது என் தப்பு இல்ல. அவங்க தகட்டு மேல ஒரு ரப்பர் பாய் போட்டிருந்தாங்க, அது சரியில்ல. நான் சொன்னேன், யாரும் காதுல வாங்கல.

மேடம் மாறனத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாங்க. எனக்குக் கேட்டுச்சு. "தனித்தனியா எடுத்தா ரெண்டு பேரும் விழறாங்க. சேத்து எடுத்தா ரெண்டு பேரும் நிக்கறாங்க. ஆனா எங்க ஆராய்ச்சியில ஒரு தடவைக்கு ஒரு ஆள்தான். அதனால இவங்க ரெண்டு பேரையும் கணக்குல சேக்க முடியாது"ன்னாங்க. நல்லதுதானே, அப்ப சாவியக் குடுன்னேன் மாறன்கிட்ட. "உனக்கு முட்டி சரியாகாது, நீ ஏற முடியாது. அவரு தனியாத்தான் போகணும். தனியாப் போனா விழறாரு. மெஷினே சொல்லிடுச்சு"ங்கறான். அவன் சொன்னதுல தப்பு கண்டுபிடிக்க முடியல. அதான் எனக்கு ரொம்ப ஆத்திரம்.

இவரு ஒரு வாரம் வாசப்பக்கமே வரல. சோறு எறங்கல. சந்துல போயி வண்டியத் தொடைச்சிட்டு வருவாரு, சாயங்காலம் ஆனா செவுத்தப் பாத்து உக்காந்துடுவாரு. எனக்கு மட்டும் என்ன? சாயங்காலம் ஆனா இந்த வீட்டுக்குள்ள எங்க நிக்கறதுன்னே தெரியாது. ஹெப்சி ஒரு நாள் பாக்க வந்துச்சு, பட்டன் போன சட்டைக்கு நான் துணி எடுத்துத் தரேன்னு சொல்லியிருந்தேன். அதுதான் சொல்லுச்சு, "தாத்தா, வண்டி இல்லன்னா என்ன, வீட்டுலயே கண்ண மூடிக்கிட்டு தெனம் போயிட்டு வாங்க. நல்ல பயிற்சிதான். பக்கத்துல ஆளு இருக்கட்டும்"னு. அது சாதாரணமாச் சொல்லிட்டுப் போயிடுச்சு.

இப்ப தெனம் போறோம். கொல்லையில ஒரு பிளாஸ்டிக் முக்காலி அவருக்கு. பின்னாடி பலகை போட்ட சேர் எனக்கு, முட்டிக்குத் தோதா இருக்கு, பக்கவாட்டுல உக்காந்துக்குவேன். ரெண்டு பேரும் கண்ண மூடிக்குவோம். மொதநாள் எனக்கு வெக்கமா இருந்துச்சு. சாலை ரோடு வந்ததும் போயிடுச்சு. ஒருநாள் பாலத்துக்கு நடுவுல பெட்ரோல் தீந்துடுச்சுன்னுட்டாரு. ஏன்யா, நெனப்புல கூட ரொப்பிக்கிட்டு வரக்கூடாதான்னு கேட்டேன். அன்னைக்கு வீடு வந்து சேர இருட்டிப் போச்சு. இன்னொரு நாள் தென்னூர் வழியாப் போயிட்டாரு, நான் ரெண்டு தட்டு தட்டியும் கேக்கல, ரெண்டு நாள் பேசல நான். பூக்காரிக்கிட்ட மட்டும் நான் சொல்லாம நிறுத்தவே மாட்டேங்கறாரு. அது அப்பவும் அப்படித்தான்.

தனியாப் போகக் கூடாதுன்னு கண்டிஷனாச் சொல்லியிருக்கேன். போன வெள்ளிக்கிழமை நான் வடை தட்டிக்கிட்டு இருந்தேன், கொல்லையில தடால்னு சத்தம். ஓடிப் போயிப் பாத்தா முக்காலி ஒரு பக்கம், இவரு ஒரு பக்கம். எந்தப் பக்கம்? நீங்களே சொல்லுங்க. வலப்பக்கந்தான். "சிந்தாமணி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்னு பாத்தேன்"ங்கறாரு. இனிமே நீ ஏறாம வண்டிய எடுக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

அதனால நீங்க வண்டியத் தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. எனக்கு வருத்தம் இல்ல. இந்தாங்க சாவி, விக்கறதுக்குன்னு மாறன் குடுத்துட்டுப் போனது. ரெண்டு சாவின்னு மாறன் சொன்னானா? ஒண்ணுதான் தர முடியும். இன்னொண்ண நான் அவருக்குக் குடுத்துட்டேன். முக்காலி நடுவுல ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க, அதுல போட்டுத் திருகித்தான் கிளப்புவாரு. சாவி இல்லாம எடுக்க மாட்டாரு, அந்த விஷயத்துல ரொம்ப ஒழுங்கு. மாறன் கேட்டா ரெண்டும் வாங்கிக்கிட்டேன்னு சொல்லிடுங்க. உங்களுக்கு ஒரு சாவி போதும்.

உங்களுக்கு வண்டி சாயாது, பயப்படாதீங்க. நீங்க சின்னவங்க. ஆனா கல்யாணம் ஆச்சுன்னா ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பொண்ண எடை பாத்துக்கோங்க.

கேக்குதா? ‘பீப் பீப்’னு. அவருதான். ஹாரன். நேரமாச்சுன்னா அப்படித்தான் கூப்பிடுவாரு. வரேங்க, வரேன், கதவச் சாத்திக்கிட்டு வரேன்.

ஒரே ஒரு உதவி தம்பி. வண்டிய இங்க உதைக்காதீங்க. அந்தச் சத்தம் எங்க இருந்தாலும் அவருக்குத் தெரியும். நான் போயி ஏறிக்கறேன். நீங்க இந்த மோரக் குடிச்சுக்கிட்டு இங்கயே உக்காந்திருங்க. சாலை ரோடு தாண்டி, சிந்தாமணி தாண்டி, பாலம் ஏறினதும் நான் ‘காத்து அடிக்குது, மெதுவாப் போங்க’ன்னு சத்தமாச் சொல்லுவேன். பாலத்துல காத்து பலமா இருக்கும், அவரு காதுல எதுவும் விழாது. அப்ப எழுந்து, சத்தம் போடாம தள்ளிக்கிட்டுப் போயிடுங்க. தெருமுனை தாண்டி உதைச்சுக்கோங்க.

என்ன கேக்கறீங்க? திரும்பி வந்து பாத்தா வண்டி இல்லன்னா என்ன பண்ணுவாருன்னா?

வண்டி இல்லாம எப்படி தம்பி திரும்பி வருவோம். அதுலதானே வருவோம்.